டன்ஸ்பரியின் முதல் ஹுஸ்ஸா

டன்ஸ்பரி ஊரில் பாதுகாப்புக் குழு அமைந்த நாளிலிருந்து யாருக்கும் பாதுகாப்பு இல்லாமல் போயிற்று. அதற்கு முன்னால் அங்கே மனிதர்கள் காய்ச்சலில் செத்தார்கள், கிழடு தட்டிச் செத்தார்கள், ஒருவன் மாடு உதைத்துச் செத்தான். யாரையும் யாரும் பாதுகாக்காததால் பெரிய ஆபத்து எதுவும் வரவில்லை.

குழுவின் முழுப்பெயர் 'கடிதத் தொடர்பு, கண்காணிப்பு மற்றும் பாதுகாப்புக் குழு'. மாசசூசெட்ஸ் முழுக்க ஊருக்கு ஊர் அப்படி ஒன்று இருந்தது. இங்கிலாந்து ராஜாவோடு ஒட்டும் வேண்டாம் உறவும் வேண்டாம் என்று நாடே கொதித்துக்கொண்டிருந்த நேரம். டன்ஸ்பரிக் குழுவில் ஒழுங்காகக் கடிதம் எழுதத் தெரிந்தவர் ஒருவர்தான்; அவருக்கும் கை நடுக்கம். ஆகவே கடிதத் தொடர்பைக் கைவிட்டு மற்ற இரண்டையும் இரட்டிப்பாகச் செய்வது என்று தீர்மானித்தார்கள். கூட்டம் சத்திரத்தில் நடக்கும். ரம் இல்லாத இடத்தில் சுதந்திரத்தைப் பற்றி யோசிக்க முடியவில்லை என்று தலைவர் மூப்பர் ரட்ஜ் வெளிப்படையாகவே சொன்னார்.

ஜேபஸ் தர்லோ அந்த ஊரில் சீமை வாத்து வளர்ப்பவன். மார்பின் மென்னிறகைப் பிடுங்கி மெத்தைக்கும் தலையணைக்கும் கொடுப்பது அவன் பிழைப்பு. அரசியலில் அவனுக்கு இருந்தது ஒரே கருத்து: வாத்துக் கொட்டகைப் பக்கம் யாரும் உரக்கப் பேசக் கூடாது. அவனோடு மனைவியும், கல்யாணமாகாத அண்ணன் ஈனோஸும் இருந்தார்கள். மனைவியின் பெயர் சைலன்ஸ். பெற்றவர்கள் அமைதிக்கு ஆசைப்பட்டு வைத்த பெயர். ஊரிலேயே உரத்த வாய் அவளுக்குத்தான். ஈனோஸுக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காதும் போய்விட்டன. இது ஊரறிந்த விஷயம். எந்த வாத்து எவ்வளவு கத்தினாலும் அவன் சிரித்துக்கொண்டே அதன் கழுத்தைத் தடவுவான். அதனால் கொட்டகையில் அவன் பேச்சுக்குத்தான் மரியாதை.

முதல் மூட்டை இறகைக் கேட்டு மூப்பர் ரட்ஜ் நேரிலேயே வந்தார்.

"ஜேபஸ் தம்பி, நாட்டுக்காக ஒரு மூட்டை குடு."

"போருக்குப் போற நம்ம பசங்க தலைகாணிக்கா, மூப்பரே?"

"தலைக்குத்தான்," என்றார் மூப்பர். தேவாலயப் பொறுப்பில் இருப்பவர், பொய் சொல்ல மாட்டார். "தலை, கழுத்து, முதுகு, எல்லாத்துக்கும்."

ஜேபஸ் நல்ல இறகாகப் பொறுக்கிக் கொடுத்தான். அன்று மத்தியானமே ஊசி நூல் விற்க வந்த ஒரு வியாபாரியின் பெட்டியில் காய்ந்த இலைப் பொட்டலம் ஒன்று அகப்பட்டது. தேயிலை ராஜா பக்கத்துச் சரக்கு, குடிப்பவன் துரோகி. ஆனால் இது தேயிலைதானா? குழு அவசரப்பட்டு அநியாயம் செய்கிற குழு அல்ல. இலையைக் கொதிக்க வைத்துக் குடித்துப் பார்த்தார்கள். முதல் சுற்றில் முடிவுக்கு வர முடியவில்லை. இரண்டாம் சுற்றில் சர்க்கரை போட்டு ஆராய்ந்தார்கள். பானையின் அடி தெரிந்த பிறகு மூப்பர் ரட்ஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"தேயிலைதான். ரொம்ப நல்ல தேயிலை. இந்தத் துரோகிய விடக் கூடாது."

வியாபாரியின் துணியை உருவி, பைன் மரத் தாரைச் சூடாக மேலே ஊற்றி, மூட்டையை அவிழ்த்துத் தலையில் கொட்டினார்கள். வேலிக் கழியில் உட்கார வைத்து ஊர் எல்லை வரை தூக்கிக்கொண்டு போய் எறிந்தார்கள். அங்கே ஒரு புண்ணியவான் தாரைச் சுரண்டியபோது தோலும் சேர்ந்து வந்ததாகக் கேள்வி. தன் வாத்துகளின் இறகு ஒரு மனிதன் மேல் ஊர்வலம் போனதைப் பார்த்துவிட்டு ஜேபஸ் மூப்பரிடம் போனான்.

"தலைகாணிக்குன்னு சொன்னீங்களே, மூப்பரே?"

"தலைகாணின்னு நீ சொன்னே. தலைன்னுதான் நான் சொன்னேன்."

இரண்டாம் மூட்டை குழுவுக்குள்ளேயே செலவானது. ஒரு மனிதன் தன் சொந்தக் கருத்தை வைத்துக்கொள்ளலாமா என்று ஓட்டுக்கு விட்டார்கள். மாவு மில் வைத்திருந்த அப்னர் டில்ட் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று கை தூக்கினார். குழுவில் ஒற்றுமை குலைந்ததற்காக எல்லோரும் வருத்தப்பட்டார்கள். வருத்தத்தோடே அவரைத் தூணில் கட்டி, முன்பல் உதிரும்வரை அடித்து, தார் பூசி, இறகு ஒட்டினார்கள். பிறகு அவர் கையை மற்றவர்களே தூக்கிப் பிடிக்க, தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

"நம்ம இறகு போட்டவனெல்லாம் ஊரை விட்டே ஓடுறான்," என்றாள் சைலன்ஸ். "இந்தாய்யா, இனிமே இறகு இல்லேன்னு சொல்லிடு."

"இல்லேன்னா என்னையப் பூசுவாங்கடி."

"எத வெச்சுப் பூசுவாங்க? அதான் இறகு இல்லையே!"

ஜேபஸ் வெகுநேரம் யோசித்துப் பார்த்தான். அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனாலும் மூன்றாம் மூட்டைக்கு இறகு பிடுங்க உட்கார்ந்தான். பயந்தவன் வேறென்ன செய்வான்?

அதற்குள் டன்ஸ்பரிக்கு ஒரு மானப் பிரச்சினை வந்துவிட்டது. பக்கத்து ஊரான ஆக்ஸ்லியில் தார் பூசிய கணக்கு டன்ஸ்பரியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மூப்பர் ரட்ஜ் சபையைப் பார்த்துக் கடிந்துகொண்டார்.

"ஆக்ஸ்லிக்காரன் நம்மள பார்த்துச் சிரிக்கிறான். ராஜா கட்சிக்காரன், டோரி, ஒருத்தன்கூடவா நம்ம ஊர்ல மிச்சமில்ல? ராஜாவ நெனச்சு மனசுக்குள்ள உருகுற ஒரு நாய்கூடவா இல்ல? இருக்கான். இந்தக் கூடத்துலயே இருக்கான். யாருன்னு இன்னும் தீர்மானிக்கல, அவ்வளவுதான்."

இந்தச் சமயத்தில்தான் பிலடெல்ஃபியாவில் பெரியவர்கள் கூடி, இனி இது தனி நாடு என்று எழுதி அனுப்பினார்கள். அந்த அறிக்கையை ஒவ்வொரு ஜெபக்கூடத்திலும் போதகர் வாசிக்க வேண்டும் என்று உத்தரவு. வாசித்து முடித்ததும் சபை எழுந்து மூன்று முறை 'ஹுஸ்ஸா' என்று வாழ்த்து முழங்க வேண்டும் என்பது டன்ஸ்பரிக் குழு சேர்த்துக்கொண்டது. ஜன்னலுக்கு ஒருவராகக் குழுவினர் நின்று, எந்த வாய் திறக்கிறது, எந்த வாய் பாதி திறக்கிறது, எந்த வாய் வெறுமனே அசைகிறது என்று பார்ப்பார்கள். குழுவின் படைத்தலைவர் ஸ்ப்ராட் வாசலில் தார்ப்பானையை முன்கூட்டியே அடுப்பில் ஏற்றிவிட்டார்.

ஜேபஸுக்குத் தூக்கம் போயிற்று. எல்லோரும் கத்தும்போது ஈனோஸ் மட்டும் சும்மா நின்றால் என்ன ஆகும்? அண்ணனை உட்கார வைத்துக் கைஜாடையால் சொல்லிக் கொடுத்தான். நான் உன் கோட்டு வாலை இழுப்பேன். இழுத்ததும் எழுந்து மூன்று தடவை கத்து. ஏன் என்று ஈனோஸ் கையை விரித்தான். ஜேபஸ் வானத்தைக் காட்டினான். அதைவிடச் சுருக்கமாக அந்த அரசியலை விளக்க அவனுக்குத் தெரியவில்லை. ஈனோஸ் தலையாட்டிவிட்டுக் கொட்டகையில் போய்ப் பழகினான். வாத்துகள் சிதறி ஓடின. காது போனவன் குரலுக்கு அளவு ஏது?

ஜூலை வெயிலில் கூடம் புழுங்கியது. போதகருக்கு இரைப்பு உண்டு. நாலு வரிக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்குவார். ராஜா செய்த அக்கிரமங்களின் வரிசைக்கு வந்து, "கிரேட் பிரிட்டனின் அரசர்" என்று வாசித்துவிட்டு, மூச்சு வாங்க நிறுத்தினார்.

ஒரு வாரமாகக் குழுவுக்காக இறகு பிடுங்கியவன் ஜேபஸ். மூக்கெல்லாம் தூசி. தும்மினான்; கையில் பிடித்துக்கொண்டிருந்த அண்ணனின் கோட்டு வாலும் கூடவே இழுபட்டது.

ஈனோஸ் துள்ளி எழுந்தான்.

"ஹுஸ்ஸா!"

ராஜாவின் பேருக்குப் பின்னால் விழுந்த அந்த அமைதியில் கூரையே அதிர்ந்தது. அடுத்து இரண்டு முறை. பிறகு, சரியாகச் செய்தேனா என்று கேட்பதுபோலத் தம்பியைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் ஸ்ப்ராட்டின் துப்பாக்கிக் கட்டை அவன் தாடையில் இறங்கியது. பெஞ்சுகளைத் தாண்டி வந்து ஆளுக்கு ஒரு மிதி மிதித்தார்கள். பாட்டுப் புத்தகம் வைத்திருந்தவர்கள் புத்தகத்தால் அடித்தார்கள். "தும்மினேன்யா! நான் தும்மினேன்!" என்று ஜேபஸ் அலறியது யார் காதிலும் விழவில்லை. போதகர் மூச்சு வாங்கி முடித்து மீதியை வாசித்தார், சபை மூன்று ஹுஸ்ஸா சொன்னது, ஜேபஸும் சொன்னான். பயத்தில் எல்லோரையும்விட உரக்கவே சொன்னான்.

விசாரணை சத்திரத்தில் நடந்தது. விலா ஒடிந்த ஈனோஸைத் தூணோடு கட்டி நிறுத்தியிருந்தார்கள்.

"மூப்பரே, அவனுக்குக் காது கேக்காது," என்று ஜேபஸ் கெஞ்சினான். "உங்களுக்குத் தெரியாதா? வேலிக்கு அந்தப் பக்கம்தானே உங்க வீடு?"

"பக்கத்து வீட்டுக்காரனா எனக்குத் தெரியும், தம்பி. முப்பது வருஷமா தெரியும். ஆனா குழுத் தலைவரா எனக்கு எதுவும் தெரியாது. நிரூபிக்கணும்."

நிரூபிக்கிற பொறுப்பை ஸ்ப்ராட் ஏற்றுக்கொண்டார். ஈனோஸின் பின்பக்கமாக நின்று துப்பாக்கியை வெடித்தார். சத்திரத்து நாய் மேஜைக்கடியில் ஓடியது; போதகர் ரம்மைக் கீழே கொட்டினார்; ஈனோஸ் அசையவில்லை.

"பார்த்தீங்களா!" என்றான் ஜேபஸ்.

"பார்த்தேன்," என்றார் ஸ்ப்ராட். "துப்பாக்கி வெடிச்சா சாதாரண மனுஷன் துள்ளுவான். இவன் துள்ளல. அப்போ இவனுக்கு யாரு பயிற்சி குடுத்தது? ராஜா பட்டாளந்தான்."

சபையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. ஆனாலும் மூப்பர் ரட்ஜ் நியாயஸ்தர். ஒரே சோதனையில் ஒருவனைத் துரோகி என்றுவிடக் கூடாது, இன்னும் கொஞ்சம் கிட்டே வைத்துச் சுடுங்கள் என்றார். ஸ்ப்ராட் கிட்டே வைத்துச் சுட்டார். ஈனோஸின் இடது காது பாதி பிய்ந்து சுவரில் ஒட்டியது. அவன் வீறிட்டான்.

"கேட்டுச்சு!" என்றார்கள் குழுவினர் ஒரே குரலில்.

தீர்ப்பு உடனே வந்தது. ஜேபஸ் மூப்பரின் காலைப் பிடித்தான்.

"என்னையப் பூசுங்க. அவன விட்டுடுங்க. இழுத்தது நான், தும்முனது நான்."

மூப்பர் அவனைத் தோளைப் பிடித்துத் தூக்கினார். குரலில் நிஜமான வருத்தம் இருந்தது.

"உன்ன எப்படிப்பா பூசறது? மூணு ஹுஸ்ஸாவும் ஒழுங்கா சொன்னே. நானே ஜன்னல்ல நின்னு பார்த்தேன். குத்தம் செய்யாதவன பூசறதுக்கு நாங்க என்ன காட்டுமிராண்டிங்களா?"

'அரசர் வாழ்க' என்று அந்த இடத்தில் ஜேபஸ் ஒரு தரம் கத்தியிருந்தால் போதும். பானை அவன் பக்கம் திரும்பியிருக்கும், ஆக்ஸ்லிக்குச் சமமாக ஒரு ஆள் கிடைத்த திருப்தியில் ஈனோஸை மறந்தும் இருப்பார்கள். அது அவனுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் வாய் வந்திருக்குமா தெரியாது. சாகும்வரை அவனை அரித்தது இதுதான்.

மூன்றாம் மூட்டையை அவன் தரவில்லை. அந்த ஒன்றைத்தான் அவனால் செய்ய முடிந்தது. குழுவினர் வீட்டுக்கே போய்க் கதவை உடைத்தார்கள். சைலன்ஸ் அடுப்புக் கம்பியோடு வாசலில் நின்றாள்.

"வாங்கடா, சுதந்திரம் வாங்க வந்த தடிப்பசங்களா! எவன் முதல்ல வர்றான்?"

முதலில் வந்தவனுக்கு மூக்கு உடைந்தது. இரண்டாமவனுக்குப் புருவம் கிழிந்தது. மூன்றாமவன் அவளைத் துப்பாக்கிக் கட்டையால் அடித்துக் கை எலும்பை முறித்தான். மூட்டையை அவள் எங்கே ஒளித்தாளோ, கிடைக்கவில்லை. ஈனோஸ் படுக்கிற மெத்தையைக் கத்தியால் கிழித்து இறகை அள்ளிக்கொண்டு போனார்கள்.

தாரை வழக்கமாக ஊற்றுகிற பதத்துக்குத்தான் சூடாக்குவார்கள். அன்று நாடு பிறந்த நாள் என்பதால் ஸ்ப்ராட் கொதிக்கக் கொதிக்க வைத்திருந்தார். ஈனோஸ் போட்ட சத்தம் ஆக்ஸ்லி வரை கேட்டதாக டன்ஸ்பரிக்காரர்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. கழியில் வைத்துத் தூக்கியபோது அவன் தலை தொங்கிவிட்டது. எல்லை வரை கொண்டுபோகாமல் பாதி வழியிலேயே போட்டுவிட்டு வந்தார்கள், வெயில் அதிகம்.

ஜேபஸ் அண்ணனைக் கைவண்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்தான். பன்றிக் கொழுப்பைத் தடவித் தடவித் தாரை எடுத்தார்கள். வந்தது தார் மட்டும் இல்லை. சைலன்ஸ் ஒடிந்த கையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, மறு கையால் விசிறினாள். ஊரைத் திட்டித் திட்டித் தொண்டை கட்டிப் போனது. இரண்டாம் நாள் ஈனோஸ் கண் திறந்தான். வேகாமல் மிஞ்சியிருந்த வலது கையைத் தூக்கித் தன் வாயைக் காட்டினான். பிறகு கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் கொஞ்சம் என்று காட்டி, தம்பியைக் கேள்வியோடு பார்த்தான்.

"என்னய்யா கேக்குறான்?" என்றாள் சைலன்ஸ்.

"சத்தம் போதலையான்னு கேக்குறான்," என்றான் ஜேபஸ். சொல்லிவிட்டுக் கொட்டகைக்குப் போய் வாத்துகளுக்கு நடுவே உட்கார்ந்து, வாய்விட்டு அழுதான். ஈனோஸ் அடுத்த நாள் செத்தான்.

ஊர் அதை மறந்தும் போயிருக்கும். ஆனால் இலையுதிர்காலத்தில் மாவட்டத்திலிருந்து ஒரு குதிரைக்காரன் வந்தான். அறிக்கை வாசிக்கப்பட்டபோது முதன்முதலில் முழங்கிய குடிமகன் யார் என்று ஒவ்வொரு ஊரும் பெயர் சொல்ல வேண்டும். சொல்கிற ஊருக்கு ஒரு பீரங்கி கிடைக்கும். ஆக்ஸ்லிக்கு ஏற்கெனவே கிடைத்துவிட்டது.

குழு சத்திரத்தில் கூடியது. முதலில் முழங்கியது நான்தான் என்று ஸ்ப்ராட் சொன்னார். நான்தான் என்று போதகர் சொன்னார். வாசித்துக்கொண்டிருந்தவர் எப்படி முழங்குவார் என்று கேட்டு ஸ்ப்ராட் அவரை மேஜைமேல் தள்ளி மூக்கில் குத்தினார். அடிதடியில் இரண்டு நாற்காலி போயிற்று. கடைசியில் மூப்பர் ரட்ஜ்தான் உண்மையை எடுத்துச் சொன்னார்.

"சகோதரர்களே, நாம எல்லாரும் அன்னிக்கு ஜன்னல்ல நின்னோம். நம்ம கண்ணால பார்த்தோம். எல்லாருக்கும் முன்னாடி எழுந்தவன் ஈனோஸ் தர்லோ. யாரும் தூண்டல. அறிக்கை முடியட்டும்னுகூட அவன் காத்திருக்கல. அவ்வளவு தாகம்!"

அப்படித்தான் ஊர் நடுவே எல்லோரும் கூடும் பச்சைவெளியில் ஈனோஸுக்குக் கல் நட்டார்கள். 'ராஜாவின் கைக்கூலிகளால் வதைக்கப்பட்டவர்' என்று அதில் செதுக்கியிருந்தது. பக்கத்தில் புதுப் பீரங்கி பளபளத்தது. ஜேபஸையும் சைலன்ஸையும் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். மூப்பர் ரட்ஜ் தொப்பியைக் கழற்றினார்.

"இந்தத் தியாகி பட்ட பாட்டை வார்த்தையால சொல்ல முடியாது. எனக்குத் தெரியும், நான் பக்கத்துலயே நின்னேன். கொதிக்கிற தார்! பிய்ஞ்சு போன காது! ஒரு கண்ணு கலங்கியிருக்குமா அந்தப் பாவிகளுக்கு? கலங்கல. நான் ஒவ்வொரு முகமா பார்த்தேன். சொல்லுங்க ஜனங்களே, இவன கொன்னது யாரு?"

"ராஜா!" என்று கூட்டம் கர்ஜித்தது.

ஜேபஸ் எழுந்தான். "நீங்கதான்," என்றான்.

மூப்பர் குனிந்தார். "என்ன தம்பி?"

ஜேபஸ் இரண்டாம் முறை வாயால் சொல்லவில்லை. மேடையில் ஏறி மூப்பரின் வாயில் குத்தினான். விழுந்தவர் மேல் உட்கார்ந்து மறுபடி மறுபடி குத்தினான். வாத்துக் கழுத்தைத் திருகிப் பழகிய கைகள் கழுத்தைத் தேடிப் போனபோதுதான் நாலு பேர் இழுத்தார்கள். மூப்பர் எழுந்தார். தாடியெல்லாம் ரத்தம். இரண்டு பல்லை உள்ளங்கையில் துப்பிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"பார்த்தீங்களா! சுதந்திரத்துக்காக நானும் ரத்தம் சிந்திட்டேன்! இதுக்கும் காரணம் யாரு?"

"ராஜா!"

"அவன விடுங்க. தியாகியோட தம்பி. துக்கத்துல கை நீண்டுருச்சு."

ஜேபஸ் பிடியை உதறிக்கொண்டு கல்லின் முன்னால் போய் நின்றான். வேண்டிய நாளில் வராத வார்த்தை இப்போது வந்தது.

"அரசர் வாழ்க!" என்று கத்தினான். "அரசர் வாழ்க! எங்கடா உங்க தாரு? கொண்டாங்கடா! அரசர் வாழ்க!"

சைலன்ஸ் அவனைத் தடுக்கவில்லை. ஒடிந்து கோணலாகச் சேர்ந்த கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கூட்டத்தை ஒவ்வொருவராகப் பார்த்தாள். ஆண்கள் தொப்பியைத் தொட்டுத் தலை குனிந்தார்கள். பெண்கள் குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, சாப்பாட்டு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்கள். ஸ்ப்ராட் பீரங்கிக்கு வெடிமருந்து கெட்டிக்கத் தொடங்கினார்.

ஜேபஸ் தொண்டை கிழியும்வரை கத்தினான். பச்சைவெளியில் இருந்த அத்தனை பேருக்கும் நல்ல காது. ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.